கிளிப்பச்சைப் பொட்டு

– பாக்கவே வேண்டாம் மாப்பிள்ளை. சொல்றேன்ல, இந்த ஜீப் நமக்கு ஆகாது. கிளம்புங்க.

– இது ஆறாவது வண்டி மச்சான். மத்த அஞ்சையாவது பானெட்டைத் திறந்து பாத்துட்டு வேண்டாம்னீங்க. இதுக்கு இந்தப் பழைய வண்டி யார்டு கேட் பக்கத்துல நின்னே தலையாட்டுறீங்க. நீங்க மெக்கானிக்கா, ஜோசியரா?

– இருபது வருஷமா இதே தொழில்ல இருக்கேன். பாத்தாலே தெரியும், சொல்றேன்ல.

– அதான் கேக்குறேன், என்ன தெரியுது? எங்களுக்கும் சொல்லுங்க.

– இன்ஜின் சத்தம் சரியில்ல.

– இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலையே.

– அண்ணா, நீ கொஞ்சம் பேசாம இரு. ஏங்க, சின்னவனைப் பிடிங்க, தோள் இத்துப்போச்சு. நான் குழந்தை சீட்டைப் பின்னாடி வெச்சுப் பாக்குறேன்.

– மெதுவா குடு, முழிச்சுடப் போறான்.

– இதுல பாருங்க, பின் சீட்டு முன்பக்கம் பாத்து இருக்கு. மூணு பேருக்கும் பெல்ட் இருக்கு. போன வாரம் பாத்ததுல எதிரெதிரா ரெண்டு பெஞ்சு, பெல்ட்டுன்னு ஒரு கயிறுகூட இல்ல.

– உயரமும் அளவா இருக்கு. போன வண்டிக்கு ஏணி கேட்டியே, இதுல இவனை இடுப்புல வெச்சுக்கிட்டே ஏறலாம். நாலு சக்கரமும் இழுக்கிற கியர் வெண்ணெய் மாதிரி விழுது. நம்ம தண்ணி டேங்க் குவார்ட்டர்ஸுக்குப் போற மலை ஏத்தத்துக்கு இதைவிட என்ன வேணும்?

– சீட்டு கச்சிதமா உக்காந்துடுச்சு. ஆட்டினாலும் அசையல. அண்ணா, வந்து பாரு.

– நான் வரல.

– ஏன் வரல?

– டீசல் குடிக்கும் பாப்பா.

– இப்பத்தான் இன்ஜின்னு சொன்ன, இப்ப டீசலா? அடுத்து கலர் பிடிக்கலைன்னு சொல்லுவியா?

– கோபப்படாத.

– கோபப்படாம கொஞ்சவா சொல்ற? வண்டி வேணும்னு நாங்களா அழுதோம்? பெரியவ பாட்டுக்கு ஸ்கூல் ஜீப்ல போயிட்டு வந்துக்கிட்டிருக்கா. வாசலுக்கே வந்து ஏத்திக்குது. நீதான் மூணு மாசமா தலைகீழா நின்ன. அதுல அனுப்பாத, சொந்தமா ஒண்ணு வாங்கு, மழை வந்தா கல்லு ரோடு வழுக்கும்னு. நீ சொன்னதுலேருந்து அவ சாயந்தரம் வீடு வந்து சேர்ற வரைக்கும் நான் வாசல்லயே நிக்கிறேன். வாங்குன்னு சொல்றதும் நீ, வேண்டாம்னு சொல்றதும் நீ. எங்களைப் பாத்தா உனக்கு எப்படித் தெரியுது?

– நான் சொல்லவா? இது நான் தேடிப்பிடிச்ச வண்டி. அதான் மச்சானுக்கு ஆகல. அவரு கைகாட்டின வண்டின்னா ஓட்டை உடைசலும் ரதமாயிருக்கும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நாள் லீவு போட்டு வர்றேன், அங்க என் வேலையை இன்னொருத்தன் பாக்குறான். இவரு என்னடான்னா என்னை ஒரு ஆளாவே மதிக்கல.

– அப்படியெல்லாம் இல்ல மாப்பிள்ளை. இந்த யார்டு பக்கமே வராதீங்கன்னு முன்னாடியே சொன்னேன்ல.

– சொன்னீங்க. ஏன்னு சொன்னீங்களா? யார்டுக்காரர் உங்களைப் பாத்ததும் வாயெல்லாம் பல்லா எழுந்து வர்றாரு, நீங்க மூஞ்சைத் திருப்பிக்கிறீங்க. ரெண்டு பேருக்கும் என்ன?

– ஒண்ணுமில்ல. எப்பவாவது வேலை குடுப்பாரு.

– என்ன வேலை?

– வேலைதான்.

– நகரு அண்ணா. நீ பாக்க வேண்டாம், நானே கீழ பாக்குறேன்.

– பாப்பா, மண்ணுல படுக்காத. துணி அழுக்காயிடும்.

– துவைச்சுக்கிறேன். கல்யாணம் ஆகிற வரைக்கும் உன் பட்டறையில ஸ்பானர் எடுத்துக் குடுத்தவ நான். எனக்கும் நாலு விஷயம் தெரியும். ஏங்க, உங்க போன்ல வெளிச்சம் போட்டுக் குடுங்க.

– இந்தா. என்ன தெரியுது?

– வண்டியோட அடிச்சட்டம் பூரா கருப்பு பெயின்ட். நடுவுல மட்டும் தடிப்பா அப்பியிருக்கு. சாவியைக் குடுங்க, சுரண்டிப் பாக்குறேன்.

– என்ன?

– ஒட்டு. அந்தப் பக்கமும் இருக்கு. குறுக்கே வெட்டி ஒட்டியிருக்கு.

– அப்படின்னா?

– முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி வேற வண்டி. அடிபட்டுக் கிடந்த ரெண்டை வெட்டி ஒண்ணாக்கியிருக்கு.

– அடப்பாவி. கைக்குழந்தையோட வந்து நிக்கிறோம், தெரிஞ்சேதானே இதைக் காட்டினான். மச்சான், மன்னிச்சுக்குங்க, நீங்க சொன்னது சரிதான். இவனைப் பிடிங்க, நான் உள்ள போய் அந்தாளு சட்டையைப் பிடிக்கிறேன்.

– இருங்க. எங்கயும் போகாதீங்க.

– ஏன்?

– ஒட்டு மேல தகடு வெச்சு போல்ட் முறுக்கியிருக்கு. இந்தப் பக்கம் எட்டு போல்ட். ஒவ்வொண்ணுலயும் ஒரு பொட்டு. கிளிப்பச்சை.

– பொட்டா? என்ன பொட்டு?

– வெளிய வர்றேன். அண்ணா, நீ அங்கேயே நில்லு. ஏங்க, உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு நான் கிளிப்பச்சையில நெயில் பாலிஷ் வாங்கினேனே, ஞாபகம் இருக்கா?

– ரெண்டு நாள்ல காணாமப் போச்சே, அதுவா? பெரியவ எடுத்து விளையாடியிருப்பான்னு பாவம் அவளைத் திட்டினோம்.

– எடுத்தது இவன். முறுக்கி முடிச்ச போல்ட்ல ஒரு பொட்டு வெச்சாத்தான் இவனுக்குத் திருப்தி. தொழில் கத்துக்கப் போன நாள்லேருந்து என் பாட்டில்தான். நம்ம கல்யாணத்துக்கு வாங்கின கத்திரிப்பூ கலரைக்கூட இவன் ஒரு வாரம் விட்டுவைக்கல. ஏழு வருஷமா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

– மச்சான், இது நீங்க ஒட்டினதா?

– ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. யார்டுக்காரர் என் பட்டறையில கொண்டுவந்து போட்டாரு. எங்கேயோ தூரத்துல விக்கப்போறேன்னாரு. இங்கேயே நிக்கும்னு நினைக்கல. யாரோ வாங்கப்போறாங்கன்னு இருந்துட்டேன்.

– யாரோன்னா? அந்த யாரோவுக்குப் பிள்ளைங்க இருக்காதா?

– தப்புதான் பாப்பா.

– இப்படி ஒரு வேலையைப் பண்ணிட்டு அதுக்குப் பொட்டு வேற வெச்சியா?

– கைப்பழக்கம். வைக்கலைன்னா வேலை முடிஞ்ச மாதிரியே இருக்காது.

– எத்தனை நாள் தாங்கும் மச்சான்?

– நல்ல ரோட்டுல தாங்கும். கல்லு ரோட்டுல குலுங்கக் குலுங்க ஒட்டு விரியும். இன்னைக்கா, அடுத்த வருஷமான்னு சொல்ல முடியாது.

– வாயைத் திறந்து இதைச் சொல்ல என்ன கேடு உனக்கு? இன்ஜினாம், டீசலாம். நீ இன்னைக்குக் கூட வரலைன்னா வாங்கியிருப்போமே. என் பிள்ளைங்களை அதுல பெல்ட் போட்டு உக்கார வெச்சிருப்பேனே.

– அதுக்குத்தான் ஓடிவந்தேன். நான் இருக்கிற வரைக்கும் வாங்க விட்டிருக்க மாட்டேன், சொல்றேன்ல.

– சொல்லாத. இனிமே நீ ஒண்ணும் சொல்லாத. உன் வாயிலேருந்து வர்ற எதையும் நான் நம்பத் தயாரா இல்ல. ஏங்க, கிளம்புங்க. வண்டியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். பெரியவ எப்பவும்போல ஸ்கூல் ஜீப்லயே போகட்டும். நமக்குக் கல்யாணமான வருஷத்துலேருந்து அதே கல்லு ரோட்டுல ஓடுது, அதுக்கு என்ன கெட்டுப்போச்சு?

– பாப்பா, அது மட்டும் வேண்டாம்.

– ஏன்?

– மணி என்ன மாப்பிள்ளை?

– மூணே முக்கால். நாலு மணிக்கு ஸ்கூல் விட்டதும் ஏறிடுவா. ஏன் கேக்குறீங்க?

– அண்ணா, அவரு கேக்குறாரில்ல. பேசு.

– ஸ்கூலுக்கு போன் போடுங்க மாப்பிள்ளை, அவளை ஏத்த வேண்டாம்னு சொல்லுங்க. அந்த ஜீப்புக்கு அடியில கத்திரிப்பூ கலர் இருக்கும்.