பாறை மேல் நடந்த பயிற்சி

மலைக்குப் போகிற பஸ்ஸில், காளப்பநாயக்கன்பட்டியில் ஏறி என் முன்சீட்டில் உட்கார்ந்த இரண்டு பெண்களுக்கும் ஊர் ஊராகப் போய்ச் சுகாதாரம் சொல்லிக்கொடுக்கிற வேலை. முதல் கொண்டை ஊசி வளைவிலேயே மூத்தவள் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுச் சொன்னாள்:

“பரீட்சைக்குப் போனது நானு. பாஸானது எங்கூரு, கண்ணு.”

“அதெப்படீங்க்கா?” என்றாள் இளையவள்.

“கொரோனான்னு பயிற்சிய போன்லயே வெச்சாங்கல்ல? எங்கூர்ல டவர் கெடைக்கறது மொளகு காயப்போடற பாறையில மட்டுந்தான். ஸ்பீக்கர்ல போட்டு உட்டேன். மொளகு கிண்டிட்டே ஆறு பொம்பளைங்க ஒரு வாரமா பாடம் கேட்டாங்க.”

“பரீட்சைங்க?”

“அதுவும் போன்லயே வாயாலதான் கேட்டாங்க. ‘கை எத்தன நேரம் கழுவோணும்?’னாரு சாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள பின்னாடியிருந்து ஆறு பேரும் ‘இருவது செகண்டுங்க சார்!’ங்கறாங்க.”

“அய்யோ! சார் திட்டுனாருங்களா?”

“‘ஊருக்குச் சொல்லிக்குடுக்கத்தான் உங்களுக்குப் பயிற்சி. அதான் முடிஞ்சிருச்சே’ன்னு பாஸ் போட்டுட்டாரு.”

பையிலிருந்து புதிதாக லேமினேஷன் போட்டு வாங்கிய சர்ட்டிபிகேட்டை எடுத்துக் காட்டினாள்.

“பேரு என்னுதுதான். ஆனா அந்த ஆறு பேரும் எங்க ஊட்ல மாட்ட உடமாட்டேங்கறாங்க. மாசத்துக்கு ஒரு ஊடுன்னு முறை வெச்சிருக்கறாங்க. என் முறை ஏழாவது மாசந்தான்.”