சகலையின் செயின்

எனக்குச் சரியாக எழுத வராது, கேட்டதில் பாதி மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். கண்டியில் கலகெதர பஸ் புறப்படக் காத்திருந்தபோது, எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என் சகலையோட சைக்கிள் செயின் கழண்டு விழணும்னு புள்ளையாருக்குத் தேங்கா நேந்திருக்கேன்," என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

"எதுக்கு மச்சான்?" என்றார் மற்றவர்.

"ஞாயித்துக்கெழம மலையில ரேஸ். ரெண்டு பேரும் கியரக் கழட்டிட்டு ஒத்தப் பல்சக்கரம்தான் போட்டிருக்கோம். என் செயின் பள்ளத்துல எறங்குனா தொங்கி வெளிய வந்துருது. அவன் டென்ஷனர்னு ஒரு சாமான் பூட்டியிருக்கான். ஸ்பிரிங் வச்ச சின்ன உருளை, செயின இழுத்துப் புடிச்சிக்கிது. மாமியா வீட்டுல எந்நேரமும் அவன் பேச்சுத்தான். எனக்குத் தேத்தண்ணியே ஆறித்தான் வருது."

"அதான் நேந்தாச்சே. பொறகு ஏன் மூஞ்சி இப்படி?"

"நேத்து அவனே வந்து, அதக் கழட்டி என் சைக்கிள்ல பூட்டிட்டான். 'நீங்க ஓட்டுங்கண்ணே, நான் எப்படியும் சமாளிப்பேன்'ங்கிறான்."

"நல்லதுதானே. இனி அவன் செயின்தான் கழளும்."

"கழண்டா, அண்ணனுக்குக் குடுத்துட்டுத் தோத்தானேன்னு மாமியா அவனத்தான் தலையில தூக்கி வைப்பாங்க. கழளாட்டி அவனே ஜெயிப்பான்."

"அப்ப நேத்திக்கடன மாத்திக்க."

"காலையிலயே மாத்திட்டேன். என் செயின் கழளணும். அவன் குடுத்த சாமான் ஒண்ணுக்கும் ஒதவாதுன்னு எல்லாரும் பாக்கணும்."

பஸ் புறப்பட்டது. அந்தச் சாமானின் பெயரை நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேனா என்று சைக்கிள் தெரிந்த யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள்.