ஜிலேபியை விட ஒரு சத்தியம்

காணிப்பாக்கத்திலிருந்து சித்தூர் திரும்பும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் தன் கணவரிடம் கேட்டாள்:

"இன்னாய்யா, ஆயுசுல ஒரு சொட்டு குடிக்காத ஆளு நீ, சாராயத்த உட்டுடறேன்னு ஏன்யா சத்தியம் பண்ண?"

குடியை விடுபவர்கள் காணிப்பாக்கம் பிள்ளையார் முன் சத்தியம் செய்வது வழக்கம். குளத்தில் முழுகி, டிக்கெட் எடுத்து, ஈரத் துணியோடு நிற்க வேண்டும். செய்த சத்தியத்தை மீற எந்தக் குடிகாரனுக்கும் துணிச்சல் வராது என்பது ஊர் நம்பிக்கை. இவர் வேட்டியிலும் ஈரம் சொட்டியது. இடது காலில் பெரிய கட்டு.

"முன்னாடி நின்னவன்லாம் சாராயம்னான். நா மட்டும் ஜிலேபின்னா சிரிக்க மாட்டானுங்களா?"

"சிரிச்சா சிரிக்கட்டும். ஒரு வெரல எடுத்தாச்சு. சர்க்கரை இப்டியே இருந்தா பாதத்தயே எடுக்கணும்னு டாக்டரு சொன்னாரா, இல்லியா? அப்பறம் ஒத்தக் கால்ல நின்னுகினுதான் கம்பெனி கேட்டுல வாட்ச்மேன் வேல பாப்பியா?"

"வூட்டுக்குப் போயி உன் தல மேல அடிச்சி சத்தியம் பண்றேன்."

"என் தல மேல நாலு வாட்டி பண்ணிட்டு, நாலு வாட்டியும் துன்ன. இந்தச் சாமிக்காவது பயப்படுவன்னுதான இங்க இட்டாந்தேன்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பயந்துதாம்மே மாத்திச் சொன்னேன். நாளைக்கே துன்னுட்டன்னா?"

அவள் அவருடைய ஈர வேட்டியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து, கண்டக்டரிடம் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"எறங்குய்யா. வேட்டி காயறதுக்குள்ள திரும்பப் போயிடலாம்."