உள்ளே இருப்பவருக்கு மட்டும்

பகல் பன்னிரண்டு மணி. ஆமாம், பகல்தான். ராத்திரியில்தான் பேய் வேலைக்கு வரும் என்று உங்களுக்கு எவன் சொன்னது? உச்சி வெயிலில் நிழல்கூட இல்லாத ரோட்டில் தனியாகப் போய்ப் பாருங்கள், அப்புறம் பேசலாம். கனிஷ்கா, அந்தப் போனை அணை. விடிந்தால் முகூர்த்தம். தூங்குகிறவர்கள் கீழே மண்டபத்துக்குப் போகலாம். சிரிக்கிறவர்களும் போகலாம்... யாரும் போகவில்லையா? சரி.

இது என் கூட்டாளி மோகன்குமாரின் மைத்துனன் அறிவழகனுக்கு நடந்தது. சேலத்தில் கம்ப்யூட்டர் வேலை. கம்பெனிகளுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பான். கெட்டிக்காரன். இன்றைக்கு அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு ஜவுளிக்கடையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறான்.

அன்று அக்னி நட்சத்திரம். நாமக்கல்லைத் தாண்டி ஒரு மண் ரோடு. ஊர்ப்பேர் வேண்டாம், அந்தக் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. இரண்டு பக்கமும் சோளம் அறுத்த வெறுங்காடு. ஓர் ஆடு இல்லை, ஓர் ஆள் இல்லை... பைக்கில் போகிறான். முதலில் நாற்றம்தான் வந்தது. கோழி எச்சத்தின் காரம். அதற்கடியில் இன்னொன்று... செத்த கோழி வெயிலில் கிடந்த நாற்றம். அதற்கப்புறம்தான் ஷெட்டு தெரிந்தது.

முழுக்க மூடிய ஷெட்டு. ஜன்னல் கிடையாது. ஒரு முனையில் காற்றைக் குளிரவைக்கிற ஈர அட்டை, மறுமுனையில் ஆளுயர ஃபேன்கள். ஃபேன் ஓடினால்தான் உள்ளே காற்று. நின்றால், அந்த வெயிலில் உள்ளே இருக்கிற உயிர் அத்தனையும் வெந்துவிடும். நோய் வந்துவிடும் என்ற பயத்தில் கண்டவன் நுழையாமலிருக்கக் கதவுக்கும் மின்பூட்டு. ஃபேன், கதவு இரண்டையும் முட்டை அறையில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் பெட்டி கவனித்துக்கொண்டது. பண்ணைக்காரர் கந்தவேல் எங்கேயிருந்தாலும் போனில் ஒரு பக்கத்தைத் திறந்து ஃபேனை ஓட்டலாம், நிறுத்தலாம்.

அந்தப் பக்கத்துக்குள் வேறு யாரோ நுழைந்துகொண்டிருந்தார்கள். உச்சி நேரம் ஆனால் போதும். எவனோ 'நிறுத்து' என்று கட்டளை கொடுக்கிறான். ஃபேன்கள் நிற்கின்றன. இரண்டு முறை கொத்துக்கொத்தாகக் கோழி செத்தது. பாஸ்வேர்டை மாற்றினார்கள். பயனில்லை. அதனால்தான் அறிவழகனை வரச்சொன்னார்கள்.

கந்தவேலுக்கு ஆள் யார் என்பதில் சந்தேகமே இல்லை. வேறு யார், பங்காளிதான். நம் பக்கத்தில் தலைவலி வந்தாலும் பங்காளிதானே காரணம்? வண்டித்தடத் தகராறில் இரண்டு வீடும் பேசிப் பல காலம் ஆகிவிட்டது. பங்காளி மகன் சித்தார்த் கம்ப்யூட்டர் படித்தவன் வேறு. அறிவழகன் பண்ணைக்குள் திரும்பும்போது அந்தப் பையன் ரோட்டோரம் நின்று வண்டியை மறித்தான்.

"அந்த மனுசன் செத்தா நான் அழமாட்டேனுங்க," என்றான். "அதுக்காகக் கோழியக் கொல்லற ஆளு நானில்லை."

அறிவழகன் நம்பவில்லை. அங்கேதான் அவன் தப்பு செய்தான். முதலில் யார் வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்திருக்க வேண்டும். தொழில் தெரிந்த எவனும் அதைத்தான் முதலில் செய்வான். ஆனால் கந்தவேல் தோளுக்குப் பின்னால் நின்று பங்காளியைத் திட்டிக்கொண்டே இருந்தார். இவனும் பங்காளிக்கு எதிராகவே வேலையை ஆரம்பித்தான்.

முட்டை அறையில் பெட்டி முன்னால் உட்கார்ந்து, கட்டளை எழுதும் கறுப்புத் திரையைத் திறந்து தட்டினான். ஃபேனையும் கதவையும் ஆட்டிவைக்கிற சர்வீஸ் எட்டாயிரத்து எண்பது என்ற போர்ட்டில், வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள், யார் தட்டினாலும் பதில் சொல்கிற மாதிரி திறந்து கிடந்தது. யாரும் வரலாம் என்றிருந்த வரியை அழித்தான். அதே இடத்தில் 127.0.0.1 என்று எழுதினான். அது ஒவ்வொரு பெட்டியும் தனக்குத்தானே வைத்திருக்கிற விலாசம். நாம் 'நான்' என்று சொல்லிக்கொள்கிற மாதிரி. அதாவது, இந்தப் பெட்டிக்குள்ளிருந்து வரும் கட்டளைக்கு மட்டும் பணி, வெளியே எவன் கேட்டாலும் காதில் வாங்காதே. அதோடு விடவில்லை. பாஸ்வேர்டைப் புதிதாக வைத்தான். மற்ற போர்ட் எல்லாவற்றையும் அடைத்தான். சேலத்திலிருந்து அவனே உள்ளே வருகிற வழியையும் அடைத்தான். சர்வீஸை நிறுத்தி மறுபடி ஓடவிட்டான்.

கந்தவேல் தன் போனில் பார்த்தார். பக்கம் திறக்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"ஏனுங்க தம்பி, இனிமே இது ஆரு சொன்னாக் கேக்கும்?"

"இந்தப் பெட்டி சொன்னா மட்டுந்தானுங்க."

அவருக்கு அது போதும். ஃபேன் ஓடுகிற அழகை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஷெட்டுக்குப் போனார். வெயில் நேர் உச்சியில் நின்றது.

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பூட்டு விழுந்தது... டிக்.

அப்புறம் ஃபேன்கள். ஊங்ங்... என்று ஓடிக்கொண்டிருந்தவை ஒவ்வொன்றாக இளைத்தன. வெளிப்பக்கத் தகடுகள் மூடின. தட்... தட்... தட். கடைசித் தகடு விழுந்ததும் ஒரு கணம் அமைதி. அதற்குப் பின் உள்ளேயிருந்து ஒரு சத்தம். அத்தனை கோழியும் ஒரே நேரத்தில் இறக்கை அடிக்கிற சத்தம்.

போன் அடித்தது. கந்தவேல்தான். கதவு திறக்கவில்லை என்றார். லைட்டும் போய்விட்டது என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

"தம்பி... பக்கத்துல ஆரோ நிக்கறாங்க. மூச்சு உடறது கேக்குது."

அவ்வளவுதான். போன் அறுந்தது.

அறிவழகன் கதவைத் திறக்கும் கட்டளையைத் தட்டினான். 'அனுமதி இல்லை' என்று வந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் அவனே வைத்த பாஸ்வேர்டைப் போட்டான். அனுமதி இல்லை. பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கலாம் என்றால், கதவுப் பூட்டுக்குத் தனி பேட்டரி. ஆரம்பத்திலேயே தட்டியிருக்க வேண்டிய கட்டளையை அப்போது தட்டினான். இந்த நேரத்தில் உள்ளே தொடர்பில் இருப்பது யார்?

ஒரே ஒரு வரி வந்தது. யார் கேட்கிறார்கள், 127.0.0.1. யாரிடம், 127.0.0.1.

அப்போதுதான் பயலுக்குப் புரிந்தது. இத்தனை நாளும் வெளியிலிருந்து எவனும் வரவே இல்லை. அது உள்ளேயேதான் இருந்திருக்கிறது. அதைத் தடுக்கக்கூடியவர்கள் எல்லாரையும் இவன்தான் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறான்.

எழுந்து ஓடினான். முட்டை அடுக்கிக்கொண்டிருந்த பண்ணையாள் மாரி கடப்பாறையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். சத்தம் கேட்டு, காட்டைத் தாண்டி சித்தார்த்தும் வந்தான். பேச்சுவார்த்தை இல்லாத அந்தப் பையன்தான் கை கிழியக் கிழியக் கதவை நெம்பினான். உள்ளேயிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது... மெதுவாக ஆனது... நின்றது. அதற்கப்புறம்தான் கதவு கழன்று விழுந்தது. அடுப்பைத் திறந்த மாதிரி அனல். கந்தவேல் வாசலிலேயே சாய்ந்து கிடந்தார். வெயில் தாங்காத கோழி வாயைத் திறந்து வைத்துக்கொள்ளுமே, அந்த மாதிரி வாய் திறந்திருந்தது.

வெயிலில் மயங்கி விழுந்து இறந்தார் என்று எழுதினார்கள். அது யார், ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். ஷெட்டு கட்டும்போது ஒருவன் செத்தான் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அப்படியெல்லாம் இல்லவே இல்லை என்று நாலு பேர் சண்டைக்கு வந்தார்கள். எனக்குத் தெரியாது.

காரியமெல்லாம் முடிந்தபின், அந்த வீட்டார் பெட்டியைக் கொண்டுவந்து அறிவழகனிடம் கொடுத்தார்கள். இருப்பதை எல்லாம் அழித்துவிடுங்கள், எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். அதற்குள் கோழிகளை விற்று, ஃபேன்களைக் கழற்றி, கதவையும் பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டது. பட்டப்பகலில், சேலத்தில் தன் கம்ப்யூட்டர் கடையில் வைத்துத்தான் பெட்டியைத் திறந்தான். மின்சார ஒயர் ஒன்றுதான் செருகியிருந்தான். நெட்வொர்க் கிடையாது. அழிப்பதற்கு முன் மனசு கேட்காமல் அந்தக் கட்டளையை இன்னொரு முறை தட்டினான். யார் தொடர்பில் இருக்கிறார்கள்?

இரண்டு வரி வந்தது. இரண்டிலும் அதே 127.0.0.1.

சர்வீஸ் எழுதிவைக்கும் குறிப்பைத் திறந்தான். புதிதாக வந்தவர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கதவைத் திற. அடியில் பதில், அனுமதி இல்லை. கொஞ்சம் இடைவெளி... மூச்சு வாங்கிக்கொள்கிற அளவு. மறுபடியும் கதவைத் திற. அனுமதி இல்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிகள் இறங்கிக்கொண்டிருந்தன.

உள்ளேயிருந்து யார் கேட்டாலும் அனுமதி கொடு என்றுதான் அறிவழகன் எழுதியிருந்தான். மறுத்துச் சொல் என்று அந்தப் பெட்டியில் எந்த இடத்திலும் எழுதவில்லை.