ஸ்டாமாட்டி கொடுத்த எஞ்சின்

பழைய காரில் பெரிய எஞ்சின் வைக்க ஆசைப்படுகிறவன் முதலில் பிரேக்கை மாற்ற வேண்டும். பெரும்பாலானவர்கள் அதைச் செய்வதில்லை. எஞ்சினை வாங்கி, மெருகேற்றி, பானெட்டைத் திறந்து வைத்து ஊருக்குக் காட்டுவார்கள். வண்டியை நிறுத்த வழி இருக்கிறதா என்று பார்க்க மாட்டார்கள். நான் அந்த ரகமில்லை. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்ட பிறகுதான் எஞ்சின் தேடவே கிளம்பினேன். என்னை அவசரக்காரன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது. அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்னுடையது அறுபத்து நாலாம் வருஷத்து ஈ.எச். ஹோல்டன் கார். ரென்மார்க்கில் ஒரு பள்ளி ஆசிரியை இறந்தபோது வீட்டுச் சாமான்களோடு ஏலத்துக்கு வந்தது. துரு கிடையாது, நெளிவு கிடையாது. குறை எஞ்சினில் மட்டும்தான். ஆறு சிலிண்டர். ஆற்றங்கரைச் சாலையில் சமாளிக்கும். அடிலெய்டு போகும் வழியில் ட்ரூரோ மேடு வந்தால் மூச்சு வாங்கும். ஒருமுறை பழைய கார் சங்கத்தோடு போனபோது, கேரவன் இழுத்துக்கொண்டு வந்த ஒரு வண்டி அந்த மேட்டில் எங்களை முந்தியது. ஓட்டிக்கொண்டிருந்த கிழவர் கையாட்டினார். என் மனைவி கிளெனிஸும் பதிலுக்குக் கையாட்டினாள்.

"பாவம் லயல், அவரு வீட்டையே இழுத்துட்டுப் போறாரு. நீ என்னை மட்டும்தான் இழுக்குற," என்றாள்.

அவள் அத்தோடு மறந்துவிட்டாள். எனக்கு அப்படி மறக்க வரவில்லை.

அப்போதே எனக்கு வேலை போயிருந்தது. ஆரஞ்சைத் தரம் பிரித்துப் பெட்டி போடும் ஷெட்டில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தோள்பட்டை போனது, பின்னாலேயே வேலையும் போனது. கிளெனிஸ் ஆஸ்பத்திரிச் சமையலறையில் சம்பாதிப்பதில் குடும்பம் நடந்தது. அதில் நான் கை வைத்ததில்லை. அங்கே இங்கே வெல்டிங் செய்து சேர்த்ததில் மில்டூராவில் ஒருவனிடம் எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்று வாங்கினேன். கழுவி, சுரண்டி, சிவப்புப் பெயிண்ட் அடித்து முடித்த பிறகு பார்த்தால், பக்கவாட்டில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். போன் செய்தேன்.

"பாத்துத்தானப்பா வாங்கின?" என்றான். வைத்துவிட்டான்.

இரண்டாவது எஞ்சினுக்கு டிரெய்லர் கட்டிக்கொண்டு போர்ட் பிரி வரைக்கும் போனேன். கதவைத் திறந்தவன் தலையைச் சொறிந்தான். "அடடா, காலைலதான் ஒருத்தன் தூக்கிட்டுப் போனான். உனக்குப் போன் பண்ணணும்னுதான் இருந்தேன்." காலி டிரெய்லர் குழிக்குக் குழி எப்படிக் குதிக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? அன்று வீடு வந்து சேரும்வரை எனக்குப் பின்னால் அது தடதடவென்று சிரித்துக்கொண்டே வந்தது.

இத்தனைக்கும் என் பக்கத்தில் எல்லாம் தயார். எஞ்சின் உட்காரும் தாங்கிகளை வெல்டு செய்தாயிற்று. கியர்பாக்ஸுக்கு இடம் வேண்டுமென்று தரைத்தகட்டைத் தட்டி விரித்தாயிற்று. பின் அச்சு மாற்றியாயிற்று. அடிலெய்டிலிருந்து வந்த பொறியாளர் பார்த்துவிட்டு, ஐந்து லிட்டர் எட்டு சிலிண்டர் என்றால் கையெழுத்துப் போடுகிறேன், அதைவிடப் பெரிதென்றால் என்னைக் கூப்பிடாதே என்று சொல்லிப் போனார். ஆக எனக்கு வேண்டியது அந்த ஒரு ரகம்தான். பானெட்டைத் திறந்தால் நேராக சிமெண்டுத் தரை தெரியும். குளிர்காலம் வந்தது, போனது, மறுபடி வந்தது; நான் அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் திறந்தால் எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் உருளைக்கிழங்கு மூட்டை இருந்தது.

"இடம் சும்மாத்தானே கெடக்கு," என்றாள் கிளெனிஸ்.

ஸ்டாமாட்டி எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம். ஆரஞ்சுத் தோட்டமும் கொஞ்சம் திராட்சையும். மனைவி முன்பே இறந்துவிட்டார். மகன் நெக்டாரி ஒரு கமடோர் கார் வைத்திருந்தான். அதே ஐந்து லிட்டர், அதே எட்டு சிலிண்டர். ஒரு கோடையில் ஆற்றோரம் மீன் பிடிக்கப் போனவன் யூகலிப்டஸ் மரத்தடியில் காரை நிறுத்திப் பின்சீட்டில் படுத்துத் தூங்கியிருக்கிறான். ஆற்றோரத்து யூகலிப்டஸ் மரங்கள் காற்றே இல்லாத நாளிலும் கிளையை உதிர்க்கும் என்பது இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். கிளை பின்பாதியில் விழுந்தது. முன்பாதியில் ஒரு கீறல் இல்லை.

ஸ்டாமாட்டி அந்தக் காரை லாரியில் ஏற்றிவந்து தகரக் கொட்டகையில் வைத்துக்கொண்டார். சக்கரங்கள் கிடையாது, தாழ்வான மரக்கட்டைகள் மேல் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை கிரேக்கக் கோயிலுக்குப் போய்வந்ததும் எஞ்சினை உயிர்ப்பித்து, கொஞ்ச நேரம் முன்பக்கத் தகட்டில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். பிறகு அணைப்பார். ஓடாத காரில் எஞ்சினைச் சும்மா உறுமவிடுவது எவ்வளவு கெடுதல் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? எண்ணெய் சரியாகச் சூடேறாது, உள்ளே ஈரம் தங்கும். ஞாயிறுதோறும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல எஞ்சின், கண் முன்னால் வீணாகிக்கொண்டிருந்தது.

துக்கம் ஆறட்டும் என்று ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்துதான் கேட்டேன்.

"எஞ்சினையா?" அவர் சிரித்தார். "அதக் குடுத்துட்டா ஞாயித்துக்கெழம நான் என்ன பண்றது? உன் பொண்டாட்டியோட சீட்டு ஆடவா? அவ போங்காட்டம் ஆடுவாளே."

"வெளையாட்டில்ல ஸ்டாமாட்டி. நான் என் கார்ல வெக்கிறேன். வாராவாரம் உங்களைக் கூட்டிட்டுப் போறேன். நெக்டாரியோட எஞ்சின் ரோட்ல ஓடும். நீங்க முன்சீட்ல உக்காந்துக்குங்க."

இதைவிட நியாயமாக ஒருவன் கேட்க முடியாது. அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். மறுநாள் ஒரு பை நிறைய ஆரஞ்சோடு வேலிக்கு வந்தார்.

"தப்பா நெனச்சுக்காத லயல். இன்னொருத்தன் மிதிச்சு அது கத்துறத என்னால கேக்க முடியாதுப்பா."

அதற்குப் பிறகு நான் கேட்டபோதெல்லாம் ஆரஞ்சுதான் வந்தது. எங்கள் வீட்டில் ஆரஞ்சு அழுகிக் கிடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவராகத்தான் என்னைக் கூப்பிட்டார். சைலன்சர் குழாய் கழன்று தொங்குகிறது, ஜாக் ஒன்று கொண்டுவா என்றார். கோயிலுக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார். ஜாக்கை வைத்துக் காரின் முன்பக்கத்தைத் தூக்கினேன். எங்கே கசிகிறது என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க எஞ்சினை ஓடவிட்டு, அவர் முதுகை அட்டைப்பலகையில் வைத்து உள்ளே நகர்ந்தார். ஜாக் இறங்கிவிட்டது. அவர் இறந்துபோனார்.

வீட்டுக்குப் போய்க் கை கழுவினேன். என் ஷெட்டில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்ததால், காலை முழுக்க நான் அங்கேயே இருந்ததாக கிளெனிஸ் நினைத்திருந்தாள். குளிர்ந்த ஆட்டிறைச்சியும் பீட்ரூட்டும் வைத்தாள். சாப்பிட்டேன். அதன் பிறகு, ஜாக்கைத் திருப்பி வாங்கி வருகிறேன் என்று போய், அவரைக் கண்டு, ஆம்புலன்சுக்குச் சொன்னேன். வந்த கான்ஸ்டபிள், அவரை எப்போது கண்டாய் என்றுதான் கேட்டான். சாப்பாட்டுக்குப் பிறகு என்றேன். அதற்கு முன் பார்த்தாயா என்று அவன் கேட்கவே இல்லை. ஜாக் யாருடையது என்றான். என்னுடையது, அவர் கேட்டார், கொடுத்தேன் என்றேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். கேள்வி கேட்கத் தெரியாதது அவன் குறை.

நாற்பதாம் நாள் வழிபாட்டுக்கு எங்களையும் அழைத்தார்கள். கோதுமையை வேகவைத்து, சர்க்கரையும் மாதுளையும் பாதாமும் கலந்து சின்னப் பைகளில் கொடுத்தார்கள். ஸ்டாமாட்டியின் மகள் எவ்டோகியா அடிலெய்டிலிருந்து வந்திருந்தாள். தோட்டத்தை விற்கப் போகிறாளாம். கொட்டகையில் இருக்கும் காரை என்ன செய்வது என்று தெரியவில்லை, பழைய இரும்புக்காரனைக் கூப்பிடலாமா என்று என்னையே கேட்டாள்.

"எஞ்சினை எடுத்துக்கச் சொல்லி உங்கப்பா எங்கிட்ட சொன்னாரும்மா," என்றேன்.

"அப்பாவா? அத யாரையும் தொடக்கூட விட மாட்டாரே. எப்ப சொன்னாரு?"

"அந்த ஞாயித்துக்கெழமதான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கடைசில மனசு எளகியிருக்கு போல. நல்லதுதான் லயல். எடுத்துக்குங்க. காசெல்லாம் வேணாம், அப்பா குடுத்ததுக்கு நான் காசு வாங்குவேனா?"

எஞ்சின் வந்த பிறகாவது நிம்மதி கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. புகைக்குழாய் ஸ்டியரிங் பெட்டியில் இடித்தது. எண்ணெய்த் தொட்டி முன் குறுக்குச்சட்டத்தில் இடித்தது. அறுத்து ஒட்டினேன், மறுபடி அறுத்தேன். ரேடியேட்டர் பற்றவில்லை. கைவிரலெல்லாம் கிழிந்து, தோள் வலி தாங்காமல், ஒரு ஸ்பானரை எடுத்துச் சுவரில் அடித்திருக்கிறேன். கடைசியில் ஒருநாள் பொறியாளர் வந்து கையெழுத்துப் போட்டார். கிளெனிஸை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ மேட்டுக்குப் போனேன். லாரிகளை முந்தினோம். காலை லேசாக வைத்தால் போதும், மலை கீழே இறங்கி வந்தது. அவள் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிப் போகுது?" என்று கேட்டேன்.

"போகுது," என்றாள். "பாவம் ஸ்டாமாட்டி. இருந்திருந்தா வந்து உக்காந்திருப்பாரு."

இத்தனை பாடுபட்டவனுக்கு இதுதான் மிச்சம்.

வீட்டை விற்றுச் சாவியைக் கொடுக்க வந்த எவ்டோகியா, நன்றி சொல்வதற்காக அந்தக் கான்ஸ்டபிளைப் பார்த்திருக்கிறாள். பேச்சுவாக்கில், அப்பா அன்று காலையில் லயலிடம் எஞ்சினைக் கொடுத்துவிட்டாராம் என்று சொல்லியிருக்கிறாள். அன்று காலையில் நான் வேலி தாண்டவே இல்லை என்று கிளெனிஸ் முன்பே அவனிடம் எழுதிக் கொடுத்திருந்தாள். முந்தின வாரமே சொன்னார் என்று நான் எவ்டோகியாவிடம் சொல்லியிருந்தால் நீங்கள் இங்கே வந்திருக்க மாட்டீர்கள். எனக்குப் பொய் வராது. அதனால்தான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் அப்படி உண்மையிலேயே சொன்னாரா என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொன்னார். எப்படிச் சொன்னார் என்றும் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் ஜாக் இரண்டு உண்டு. ஒன்று புதுசு. இன்னொன்றில் சீல் போய்விட்டது. தூக்கி நிறுத்தினால் மெதுவாக எண்ணெய் கசிந்து இறங்கும். அன்று நான் கொண்டுபோனது பழையது. புது ஜாக்கும் முட்டுக்கொடுக்கிற ஸ்டாண்டுகளும் என் ஈ.எச். காருக்கு அடியில் இருக்கின்றன, எடுக்க முடியாது என்று அவரிடம் சொன்னேன். ஈ.எச். அன்று நான்கு சக்கரங்களிலும்தான் நின்றது. இதை நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் அவர் கவனித்துவிட்டார்.

"லயல், எறங்குதுப்பா. ரெண்டு அடி அடிச்சு ஏத்து."

ஜாக்கின் கைப்பிடி என் கையில் இருந்தது. நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். மிதிக்காமல் சும்மா ஓடும்போது அந்த எஞ்சினுக்குச் சத்தம் அதிகமில்லை. குனிந்தால் பேசுவது நன்றாகக் கேட்கும். பேசுவதற்கு அது நல்ல நேரம் என்று தோன்றியது. மற்ற நேரங்களில் அவர் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவார்.

"ஸ்டாமாட்டி, எஞ்சினப் பத்தி என்ன முடிவு பண்ணீங்க?"

"ஏத்துடா மொதல்ல. வெளயாடாத."

"நான் வெளயாடல."

அவர் வெளியே வர நகர்ந்தார். அதற்குள் காரின் அடிச்சட்டம் மார்பைத் தொட்டுவிட்டது. என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது.

"எடுத்துக்கப்பா," என்றார். "எஞ்சினை எடுத்துக்க. உனக்குத்தான். எடுத்துக்க, எடுத்துக்க."

நான் யோசித்துப் பார்த்தேன். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். வெளியே வந்து சட்டையைப் போட்டுக்கொண்டால் மனசு மாறிவிடும். மறுநாள் ஒரு பை ஆரஞ்சோடு வேலிக்கு வந்து நிற்பார். அதற்கு மேல் எனக்கு ஆரஞ்சு வேண்டியிருக்கவில்லை. கைப்பிடியைச் சுவரில் சாய்த்து வைத்தேன். அவர் அதன் பிறகு கிரேக்க மொழியில் பேசினார். அது எனக்குப் புரியாது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. நின்ற காரில் அவ்வளவு நேரம் ஓடினால் எஞ்சின் சூடாகிவிடும் என்று கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பி அணைத்தேன்.

செய்தது நான்தான். அதை மறுக்கவில்லை, எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். ஆனால் திருட்டு என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் அடித்துவிடுங்கள். ராத்திரியில் போய்க் கழற்றிக்கொண்டு வந்திருக்க என்னால் முடியாதா? முப்பது வருஷமாகப் பக்கத்து வீடு. ஒரு வார்த்தை கேட்காமல் எடுக்க எனக்கு மனசு வரவில்லை.