செண்பகத்தோப்புச் சுருள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெரு காலியாகிவிடும், இன்ஸ்பெக்டர் ஐயா. எல்லோரும் ஆராதனைக்குப் போய்விடுவார்கள். கதவைத் தட்ட ஆளிருக்காது என்பதால்தான் பிலிம் கழுவ அந்த நேரத்தை வைத்துக்கொண்டேன்.

நான் ராஜபாளையத்து மில்லில் கிளார்க். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினம் பஸ்ஸில் போய்வருகிறேன். சீமைக்குத் திரும்பிய மிஷன் அம்மா ஒருவர் தம்முடைய சின்னச் சினிமாக் காமிராவையும் நாலு பிலிம் சுருள்களையும் எனக்குத் தந்துவிட்டுப் போனார். நாலும் யுத்தத்துக்கு முன்பே காலாவதியானவை. அந்த அளவுப் பிலிம் செய்வதையே கம்பெனி நிறுத்திவிட்டது. பம்பாய்க்கு எழுதிக் கேட்டேன். கழுவித்தர முடியாது என்றார்கள். அதனால் பிலிமை மரச்சட்டத்தில் சுற்றி, மருந்துத் தொட்டியில் முக்கிக் கழுவ நானே பழகினேன்.

முதல் இரண்டும் வெறும் சாம்பல் நிறமாகப் போயின. மூன்றாவதில் உருவம் தெரிய ஆரம்பித்த சமயம், என் மனைவி ஞானபாக்கியம் காப்பியோடு கதவைத் திறந்துவிட்டாள்; வெளிச்சம் பட்டு அதுவும் கெட்டுப்போயிற்று. நான் திட்டக்கூட இல்லை. காப்பியைக் குடித்தேன். அன்று சாயங்காலமே தெருக்கதவுக்கு ஒரு பூட்டும், அறைக்கு உள்தாழ்ப்பாளும் வாங்கினேன்.

கடைசிச் சுருளில் அவள்தான் இருந்தாள். செண்பகத்தோப்பு ஓடையில் முழங்கால் தண்ணீரில் நின்று சிரித்தாள். அப்போது அவளுக்கு ஐந்து மாதம். கழுவ உட்கார்ந்தபோது நிறைமாதம்.

ஜன்னல்களை அடைத்து, தெருக்கதவைப் பூட்டி, சாவியை மடியில் வைத்துக்கொண்டு அறைக்குள் போனேன். பிலிமை மருந்தில் இறக்கியதும் தட்டினாள்.

"இங்கெருங்க, பனிக்குடம் ஒடஞ்சிருச்சி. இருளம்மாளக் கூட்டியாரணும். சாவியக் குடுங்க."

இருளம்மாள் அடுத்த தெரு மருத்துவச்சி. அவள் ஆராதனைக்குப் போகிறவள் அல்ல. வீட்டில்தான் இருந்திருப்பாள்.

"செத்த நேரம் பொறு" என்றேன்.

"பொறுக்க ஏலலயே. ரெத்தம் நிக்க மாட்டேங்குது."

"இந்தா வாரேன்."

அறைக்கதவின் கீழே விரல் அகலம் சந்து இருக்கிறது. சாவியை அதன் வழியாகத் தள்ளியிருக்கலாமே என்கிறீர்கள். தள்ளியிருக்கலாம். அவள் தெருக்கதவைத் திறந்தால் அதே சந்து வழியாக வெளிச்சம் வருமே. துணி வைத்து அடைத்தால் மருந்து வாடையில் எனக்கு மூச்சு முட்டும். இருந்தது ஒரே ஒரு சுருள். இதை எத்தனை தரம் சொன்னாலும் இந்த ஸ்டேஷனில் யாருக்கும் விளங்கவில்லை.

கொஞ்ச நேரம் தட்டினாள். பிறகு உள்ளங்கையால் தேய்ப்பது போல ஒரு சத்தம் வந்தது. பிறகு அதுவும் இல்லை. அமைதியாக இருந்ததால் வேலை ஒழுங்காக நடந்தது.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. ஹைப்போ என்கிற கடைசி மருந்தில் போட்டெடுத்த பிலிமில் வெளிச்சம் பட்டாலும் கெடாது. அதற்குப் பிறகும் நான் கதவைத் திறக்கவில்லை. பிலிமை அலசிக் கொடியில் போட்டு, சிவப்பு விளக்கில் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெகடிவ் ஆனதால் அவள் முகம் கறுத்து, தலைமுடி கிழவியுடையது போல வெளுத்திருந்தது. ஆனாலும் அவள்தான். கடைசியில் திறக்கப் பார்த்தபோது, அவள் கதவில் சாய்ந்து கிடந்ததால் தள்ளித்தான் திறக்க வேண்டியிருந்தது. குழந்தையும் பிழைக்கவில்லை.

அவளையும் குழந்தையையும் சாகவிட்டது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சுருளையும் கோர்ட்டில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவள் எப்படிச் சிரிக்கிறாள் என்று பார்த்தால், நான் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்பது ஜட்ஜுக்கே தெரிந்துவிடும்.