ஒட்டகம் ஏறாத விருந்தாளி

எங்கள் விடுதியில் வெந்நீர் காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரைதான் வரும். அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை, சாகேப். வாசல் பலகையில் எழுதியே வைத்திருக்கிறேன். அதற்கு மேலே, இன்னும் பெரிய எழுத்தில், ‘இது உங்கள் வீடு’ என்றும் எழுதியிருக்கிறேன். ஷிக்தார் பாபு வெந்நீர் விஷயத்தை விட்டுவிட்டு இதை நம்பிவிட்டார். இந்த வழக்கில் நடந்த முதல் தவறு அது.

ஜெய்சல்மேர் கோட்டைக்குள் அறை வாடகை ஏன் இருநூறு ரூபாய் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தங்குகிறவர் ஒட்டகச் சவாரிக்கும் நம்மிடமே வருவார், பிழைப்பு அதில்தான். சவாரி வேண்டாம் என்கிறவரை நான் ஒருநாளும் வெளியே போகச் சொன்னதில்லை. அவர் அறைக்கு மறுநாள் வெள்ளையடிக்கும் வேலை வந்துவிடும், அவ்வளவுதான். பதினாறு வருடமாக என் அறைகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மூட்டை சுண்ணாம்புகூட இன்னும் வாங்கவில்லை.

நிருபம் ஷிக்தார் கல்கத்தாவில் முப்பத்திரண்டு வருடம் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். குரங்குக் குல்லா, மின்சார அடுப்பு, பாலைவனத்துக்கு ஒரு கொசுவலை என்று வந்து இறங்கினார். இரண்டு நாள் என்று சொல்லிப் பதினொரு நாள் இருந்தார். முதுகுவலி, ஒட்டகம் வேண்டாம் என்றார். வெள்ளையடிக்கப் போவதாகச் சொன்னேன்.

“அடிங்க, வியாஸ் மோஷாய். எனக்குச் சுண்ணாம்பு வாசனைன்னா உயிர்” என்று கட்டிலில் காலை நீட்டிக்கொண்டார்.

பிராமண வீட்டில் ஆம்லெட் போட்டார். பொறுத்துக்கொண்டேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு பூஜை செய்வது பழகிவிடும். ஆனால் முற்றத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பையும் தோளுமாக வருகிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். “தம்பி, அறைங்கிறது பொறியில வெச்ச வடை. முதல்ல ஒட்டகத்தோட விலையைக் கேளு” என்பார். ஒன்பது பேர் தண்ணீர்கூடக் குடிக்காமல் பக்கத்துச் சந்துக்குப் போய்விட்டார்கள்.

அந்த நாட்களில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மொட்டைமாடிக்கு ஏறுவேன், இறங்குவேன், கைபேசியில் விடுதியின் நட்சத்திரங்களை எண்ணிப் பார்ப்பேன். நான்கு புள்ளி ஒன்பது. பிப்ரவரித் திருவிழாவில் ‘சிறந்த விருந்தோம்பி’ என்று எனக்குச் சால்வை போடுவதாக விடுதிக்காரர் சங்கம் முடிவு செய்திருந்தது. சங்கத்தின் செயலாளர் நானே. ஷிக்தார் பாபுவோ கோடு போட்ட நோட்டில் என் விடுதியைப் பற்றி ஒன்பது பக்கம் எழுதி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை அதை இணையத்தில் ஏற்றிவிட்டு ரயில் ஏறுவதாக ஏற்பாடு. ஆசிரியர் அல்லவா, தகவல் சரிதானா என்று கேட்டு ஒரு பக்கத்தை எனக்கே வாசித்துக் காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

புதன்கிழமை காலை என் ஒட்டகக்காரன் கமீசா கான் வந்தான்.

“ஹுகும், சிக்கந்தருக்கு மதம் பிடிச்சிருச்சு. தொண்டைப் பை வெளிய தொங்குது. நேத்து என் கம்பளியைக் கடிச்சுக் கிழிச்சுட்டான். வாய்க்கூடு போட்டிருக்கேன். பத்து நாள் கட்டிப் போடணும்.”

குளிர்காலத்தில் ஆண் ஒட்டகங்களுக்கு வருவதுதான். முற்றத்துக்குப் போனேன்.

“முப்பத்திரண்டு வருஷம் பாலைவனம் நடத்தினவர், கோட்டைச் சுவர்ல நின்னு பைனாகுலர்ல பாத்துட்டு ஊருக்குப் போகப் போறீங்களா, பாபு? பசங்க கேட்டா என்ன சொல்வீங்க?”

அவர் நோட்டை மூடினார்.

“சாதுவான ஒட்டகம்தானே?”

“எங்க கூட்டத்துலேயே அவன்தான் பெரியவன். உங்களுக்குக் காசே வேண்டாம், என் அன்பளிப்பு.”

பதினாறு வருடத்தில் நான் கொடுத்த முதல் இலவசச் சவாரி அது. நெகிழ்ந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர்.

கமீசாவைத் தனியாக அழைத்து, அவர் வருவதற்கு முன் வாய்க்கூட்டைக் கழற்றிவிடச் சொன்னேன். அதைப் பார்த்தால் விருந்தாளி பயப்படுவார். அவன் நகராமல் நின்றான்.

“அவரு வயசானவரு, ஹுகும்.”

“ஒட்டகம் யாருது, கமீசா?”

அவனை விட்டுவிடுங்கள், சாகேப். சொன்னதைக் கேட்டதைத் தவிர அவன் ஒன்றும் செய்யவில்லை.

வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு ஜீப் கிளம்பியது. மணல்மேட்டில் சிக்னல் கிடைக்காது, கைபேசியை வைத்துவிட்டுப் போங்கள், சார்ஜ் போட்டு வைக்கிறேன் என்றேன். மறதிக்காரர்; பூட்டைத் திறக்கும் எண்ணை அதன் முதுகிலேயே ஒட்டி வைத்திருந்தார். பழைய கேமராவை மட்டும் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, மாலைச் சவாரிக்கு ஏறுவதற்கு முன் சிக்கந்தரின் முகத்தைப் படமெடுக்க அருகே போயிருக்கிறார். அது தலையைக் கவ்வித் தூக்கிக் கீழே போட்டு, மார்பால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அதிக நேரம் ஆகவில்லையாம். அப்போது மணி ஐந்து இருபது.

அவருடைய நோட்டு என் அடுப்பில் போய்விட்டது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக நீங்கள் கேட்டது. அவர் பெயரில் ஐந்து நட்சத்திரத்தோடு ஏறியிருக்கிற வரிகளை எழுதியது நான்தான். ‘பதினொரு நாள் சொந்த வீட்டில் இருந்ததுபோல் இருந்தேன். ஒட்டகச் சவாரியை மறக்க முடியாது. திரும்பிப் போக மனமே வரவில்லை.’ நேரம் மூன்று மணி பத்து நிமிடம் என்று காட்டுவதும் சரிதான். அந்த நேரத்தில் அவர் ஒட்டகத்தின் பக்கத்தில்கூடப் போயிருக்கவில்லை என்கிறீர்கள். விருந்தாளியின் மனதில் இருப்பதை அவர் சொல்வதற்கு முன்பே தெரிந்துகொள்வதுதான் எங்கள் தொழில், சாகேப். உயிரோடு திரும்பி வந்திருந்தாலும் அவர் அதையேதான் எழுதியிருப்பார்.